குளிர்காலத்தில் ஜாக்சன்வில் முதல் சான் டியேகோ வரை: கோல்ஃப் ஆடிக்கொண்டே அமெரிக்காவைக் கடக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவைக் காரிலேயே குறுக்காகக் கடக்க வேண்டும், வழியில் நாலைந்து நல்ல மைதானங்களில் கோல்ஃப் ஆட வேண்டும், அதுவும் குளிர்காலத்தில். இந்த ஆசை வந்ததும் பலரும் மேப்பைத் திறந்து மைல்களைக் கூட்ட ஆரம்பிப்பார்கள். குளிர்காலத்துக்கு அந்தக் கணக்கு போதாது. டிசம்பரில் தெற்கு மாநிலங்களில்கூடப் பகல் பத்து மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். 18 குழி கொண்ட ஒரு முழு ஆட்டத்தை முடிக்க நாலு, நாலரை மணி நேரம் போய்விடும். மிச்சமிருக்கும் வெளிச்சத்தில்தான் காரும் ஓட்ட வேண்டும். எனவே முதலில் வெளிச்சம், அடுத்து வானிலை, அதற்கப்புறம்தான் தூரம். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையை மனதில் வைத்துத்தான்.

1. சாலை: ஐ-10

கிழக்கு மேற்காக ஓடும் பெரிய நெடுஞ்சாலைகளில் ஐ-80 குளிர்காலத்துக்கு ஆகாது. வயோமிங்கில் பனியும் காற்றும் சேர்ந்தால் சாலையை மணிக்கணக்கில் மூடிவிடுவார்கள். கலிபோர்னியாவின் டானர் கணவாயில் பனி கொட்டினால் டயருக்குச் சங்கிலி கேட்பார்கள். ஐ-40 தெற்கே இருப்பதால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அது ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் வழியாகப் போகிறது. அரிசோனா என்ற பெயரை நம்பி அங்கே போனால் முழங்கால் அளவு பனி காத்திருக்கலாம்.

மிஞ்சுவது ஐ-10. புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் தொடங்கி கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் முடியும் இந்தச் சாலை எட்டு மாநிலங்களைத் தொடுகிறது. டெக்சாஸில் மட்டும் சுமார் 880 மைல். நான் பரிந்துரைக்கும் பாதை ஜாக்சன்வில்லில் தொடங்கி மொபீல், நியூ ஆர்லியன்ஸ், ஹியூஸ்டன், சான் அன்டோனியோ, எல் பாசோ, டூசான், ஃபீனிக்ஸ் என்று வந்து, கடைசியில் ஐ-8 பிடித்து சான் டியேகோவில் முடிகிறது. மொத்தம் சுமார் 2,400 மைல், அதாவது ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர்.

கிழக்கிலிருந்து மேற்காகப் போவதில் ஒரு பெரிய லாபம் உண்டு. புளோரிடாவில் அபலாச்சிகோலா ஆற்றைத் தாண்டும்போது நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் கையில் சேரும். டெக்சாஸின் மேற்குக் கோடியில் இன்னொன்று, கலிபோர்னிய எல்லையில் மற்றொன்று. நீண்ட தூரம் ஓட்டும் நாள்களில் இந்த ஒரு மணி நேரம் பெரிய ஆறுதல். எதிர்த் திசையில் போனால் அதே மூன்று மணி நேரத்தை இழக்க வேண்டிவரும்.

2. தேதி: நன்றி நவிலல் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில்

நவம்பர் நாலாவது வியாழனன்று வரும் நன்றி நவிலல் விடுமுறை முடிந்த திங்களன்று கிளம்பி, டிசம்பர் 20க்குள் முடிப்பது மிக நல்லது. காரணங்கள் உண்டு.

பாலைவன மைதானங்களில் கோடையில் வளர்வது பெர்முடா புல். குளிர் வந்தால் அது பழுத்து உறங்கிவிடும். அதனால் செப்டம்பர், அக்டோபரில் அதை ஒட்ட வெட்டி, மேலே ரை புல் விதைப்பார்கள். அப்போது மைதானத்தைச் சில வாரங்கள் மூடுவார்கள். திறந்த புதிதிலும் கோல்ஃப் கார்ட்டைப் பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள். டிசம்பரில் இதெல்லாம் முடிந்து ஃபேர்வே, அதாவது தொடக்க இடத்துக்கும் குழிக்கும் நடுவில் உள்ள புல்வெளி, பச்சைப் பசேல் என்று இருக்கும். ஆனால் வடக்கிலிருந்து குளிருக்கு ஒதுங்க வருகிறவர்கள் முழுதாக வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். ஜனவரி பிறந்ததும் கட்டணம் ஏறும். மார்ச் வரை இறங்காது.

ஜனவரி, பிப்ரவரியில் வேறு நெருக்கடிகளும் சேரும். ஜனவரிக் கடைசியில் டூசானில் ரத்தினக் கண்காட்சி தொடங்கிவிடும், அறை கிடைப்பது சிரமம். அதே சமயத்தில் சான் டியேகோவின் டோரி பைன்ஸ் மைதானத்தில் தொழில்முறைப் போட்டி. பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்காட்ஸ்டேலில் ஃபீனிக்ஸ் ஓப்பன் போட்டி. நியூ ஆர்லியன்ஸிலும் மொபீலிலும் மார்டி கிரா திருவிழா. விழாவுக்காகவே போகிறவர்கள் போகட்டும். மைதானத்துக்காகப் போகிறவர்களுக்கு டிசம்பரின் முதல் மூன்று வாரம்தான் சரி.

டிசம்பரின் குறை ஒன்றுதான்: ஆண்டிலேயே குறுகிய பகல். அதைச் சமாளிக்க அடுத்த படி.

3. வெளிச்சக் கணக்கு

ஒவ்வொரு ஊருக்கும் சூரியன் மறையும் நேரத்தை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேர மண்டலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஊரில் சீக்கிரம் இருட்டும், மேற்கு ஓரத்தில் தாமதமாக இருட்டும். டிசம்பர் தொடக்கத்தில் மொபீலில் மாலை 4.50க்கே சூரியன் மறைந்துவிடும். அதே மத்திய நேரத்தில் இருக்கும் சான் அன்டோனியோவில் 5.35 ஆகும். எல் பாசோவில் மலை நேரப்படி (மவுண்டன் டைம்) 5 மணி. ஃபீனிக்ஸில் 5.20. சான் டியேகோவில் 4.40ஐத் தாண்டிக் கொஞ்ச நேரம்.

மொபீலில் 18 குழியும் ஆட வேண்டுமானால் பகல் 12 மணிக்குள் முதல் அடி அடித்துவிட வேண்டும். சான் அன்டோனியோவில் ஒரு மணிக்குக்கூடத் தொடங்கிப் பார்க்கலாம். "ட்வைலைட்" என்று குறைந்த கட்டணத்தில் கொடுக்கும் பிற்பகல் நேரத்தைக் குளிர்காலத்தில் எடுத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று குழியோடு நின்றுபோகும். அது போதும் என்பவர்களுக்கு நல்ல பேரம்.

காலையில் வேறு சிக்கல். டெக்சாஸின் மேற்கிலிருந்து டூசான் வரை இரவுக் குளிர் உறைநிலைக்கு அருகில் போய், புல்லின் மேல் உறைபனி படியும். அப்படி உறைந்த புல்லை மிதித்தால் இலைச் செல்களுக்குள் இருக்கும் பனிக்கட்டி செல்லையே கிழித்துவிடும். மிதித்த இடமெல்லாம் கறுத்துச் சாகும். அதனால் பனி உருகும் வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஏழரைக்கு முன்பதிவு செய்தவர் ஒன்பதரைக்கு ஆடத் தொடங்குவார், அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் நேரம் தள்ளிப்போகும். எல் பாசோவிலும் டூசானிலும் காலை 10 மணியை ஒட்டி நேரம் எடுப்பதே புத்திசாலித்தனம். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இந்தத் தொல்லை குறைவு.

இவற்றை வைத்து நான் கடைப்பிடிக்கச் சொல்லும் விதி எளிது. 300 மைலுக்கு மேல் ஓட்டும் நாளில் ஆட வேண்டாம். 200 மைல் வரை என்றால் காலையில் ஆடிவிட்டுக் கிளம்பலாம். ஓட்டிவிட்டு ஆடுவதைவிட அதுதான் மேல். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்த முதுகு முதல் ஆறு குழிக்குச் சுழலாது. ஐந்து நாளுக்கு ஒரு நாள் எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். மழைக்கோ, பனிக்கோ, பிடித்துப்போன ஊருக்கோ அது பயன்படும். இப்படிப் போட்டால் மொத்தப் பயணம் பதினாறு, பதினெட்டு நாளில் அடங்கும்.

4. எங்கே நிறுத்தலாம்

ஜாக்சன்வில் அருகே பான்டே வெட்ரா பீச்சில் டிபிசி சாகிராஸ் இருக்கிறது. பீட் டை வடிவமைத்து 1980ல் திறந்த மைதானம். இதன் 17ஆம் குழியின் தீவு கிரீனை (தண்ணீர் சூழ்ந்த, குழி இருக்கும் வழவழப்பான புல்தரையை) தொலைக்காட்சியில் பார்க்காத கோல்ஃப் ரசிகர் இருக்க முடியாது. சதுப்பு நிலத்தை மேடாக்க மணல் தேவைப்பட்டு ஓரிடத்திலேயே தோண்டிக்கொண்டே போக, கடைசியில் பெரும் பள்ளம் மிஞ்சியது. அதில் தண்ணீரை நிரப்பித் தீவாக்கிவிடலாம் என்ற யோசனை பீட் டையின் மனைவி ஆலிஸ் டையுடையது. பொதுமக்களும் ஆடலாம், ஆனால் கட்டணம் பல நூறு டாலர். மொத்தப் பயணத்தில் ஒரே ஒரு விலையுயர்ந்த ஆட்டம் என்று முடிவு செய்தால், அதை இங்கேயா டோரி பைன்ஸிலா என்று கிளம்பும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். என் ஓட்டு டோரி பைன்ஸுக்கு.

அடுத்த நாள் மொபீலுக்கு 400 மைல், ஆறு மணி நேரம். நேர மாற்றத்தால் ஒரு மணி நேரம் கூடும் என்பதால் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம். மொபீலில் மக்னோலியா குரோவ். அலபாமா மாநிலம் தன் ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை முதலீடு செய்து, மாநிலம் முழுக்கக் கட்டிய ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் கோல்ஃப் டிரெயில் என்ற மைதானத் தொடரின் ஒரு கண்ணி இது. அந்த டிரெயிலில் 11 இடங்கள், 26 மைதானங்கள், 468 குழிகள். ஓய்வூதியப் பணத்தில் கோல்ஃப் மைதானமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று வெளிமாநிலக்காரர்களை அலபாமாவுக்கு இழுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மக்னோலியா குரோவில் இரண்டு முழு மைதானங்களும், பார்-3 குழிகள் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டைக் குழிகள்) மட்டுமே கொண்ட ஒரு 18 குழி மைதானமும் இருக்கின்றன. வெளிச்சம் குறைவாக இருக்கும் நாளில் அந்தச் சின்ன மைதானம் அருமையான தீர்வு.

நியூ ஆர்லியன்ஸ் 145 மைல்தான். சிட்டி பார்க்கில் இருக்கும் பேயூ ஓக்ஸ், 2005ல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் மூழ்கிய பூங்காவில் இருக்கிறது. அதன் தெற்கு மைதானத்தை ரீஸ் ஜோன்ஸ் மறுவடிவமைத்து 2017ல் திறந்தார்கள். சுற்றிலும் ஓக் மரங்கள், நகரத்துக்குள்ளேயே இருப்பதால் ஆடிவிட்டு நேரே சாப்பிடப் போகலாம். வளைகுடா ஓரத்தில் பல மைதானங்களில் குளிர்காலத்தில் ஃபேர்வே பழுப்பாக இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். உறங்கும் பெர்முடா உறுதியான தரை. பந்து நன்றாக ஓடும்.

ஹியூஸ்டனுக்கு 350 மைல், அன்று ஆட்டம் கிடையாது. பேட்டன் ரூஜில் மிசிசிப்பி பாலத்தை அலுவலக நேரத்தில் தொடாதீர்கள். அதைத் தாண்டினால் அச்சாஃபலாயா சதுப்புக்கு மேல் 18 மைல் நீளத்துக்குப் பாலமாகவே போகும் சாலை. ஹியூஸ்டனில் மெமோரியல் பார்க், நகராட்சி நடத்தும் மைதானம். 1936ல் திறந்த இதை டாம் டோக் மறுவடிவமைத்து 2019ல் மீண்டும் திறந்தார்கள். 2020 முதல் ஹியூஸ்டன் ஓப்பன் இங்கேதான். ஊர்க்காரர்களுக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரர்களுக்கு அதிகம். நேரம் கிடைப்பது கடினம் என்பதால் இதை முன்பதிவுப் பட்டியலில் முதலில் வையுங்கள். இந்த ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். பேர்லாந்தில் மீனாட்சி கோயில் இருக்கிறது, நம் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும். ஒரு வாரமாக நெடுஞ்சாலை பர்கரில் வாழ்ந்த வயிறு நன்றி சொல்லும்.

சான் அன்டோனியோ. இந்தப் பாதையில் எனக்கு மிகப் பிடித்த நிறுத்தம் பிராக்கன்ரிட்ஜ் பார்க். ஏ. டபிள்யூ. டில்லிங்ஹாஸ்ட் வடிவமைத்து 1916ல் திறந்த பொது மைதானம். முதல் டெக்சாஸ் ஓப்பன் 1922ல் இங்கேதான் நடந்தது. 1955ல் இதே போட்டியில் மைக் சூச்சக் நாலு சுற்றையும் சேர்த்து 257 அடியில் முடித்தார் (கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது). அந்தச் சாதனையை முறியடிக்க 2001 வரை ஆனது; மார்க் கால்கவெக்கியா 256 அடித்த அந்த இடம், இதே பயணத்தில் பின்னால் வரும் ஸ்காட்ஸ்டேல். மைதானம் நீளமில்லை. ஆனால் மரங்களுக்கு நடுவே குறுகலாகப் போகும், அடிக்கு அடி யோசிக்க வைக்கும். இவ்வளவு வரலாறு உள்ள தரையில் ஒரு சாதாரண ஆள் நகராட்சிக் கட்டணத்தில் ஆட முடிகிறது என்பதுதான் அமெரிக்கக் கோல்ஃபில் நான் மிகவும் மதிக்கும் விஷயம்.

இதற்கப்புறம் 550 மைல் வெட்டவெளி. சில இடங்களில் வேக வரம்பு மணிக்கு 80 மைல் என்பதால் ஒரே நாளில் போய்விடலாம் என்று ஆசை வரும். வேண்டாம். ஃபோர்ட் ஸ்டாக்டனில் இரவு தங்குங்கள். அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும் பகுதி இது. ஜங்ஷன், ஓசோனா, ஃபோர்ட் ஸ்டாக்டன், வான் ஹார்ன் என்று ஒவ்வொரு ஊரிலும், பாதி டேங்க் இருந்தாலும், பெட்ரோல் நிரப்புங்கள். மின்சாரக் கார் என்றால் குளிரும் அதிக வேகமும் சேர்ந்து பேட்டரியை வேகமாகத் தின்னும். சார்ஜ் செய்யும் இடங்களை முதல் நாளே குறித்துவிடுங்கள்.

எல் பாசோவில் விமான நிலையத்தை ஒட்டி டாம் ஃபாசியோ வடிவமைத்த பட்டர்ஃபீல்ட் டிரெயில். ஊர் ஏறத்தாழ 3,700 அடி உயரத்தில் இருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்பார்கள். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் டிரைவர் எனப்படும் நீளமான மட்டையின் அடி இரண்டு கஜம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆக, டிசம்பர் காலையில் உயரம் தருவதில் பெரும்பகுதியைக் குளிர் எடுத்துக்கொள்ளும். மட்டை தேர்ந்தெடுக்கும்போது வழக்கமான தூரத்தையே நம்புங்கள், நண்பகலுக்குப் பின் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆடாத நாளில், லாஸ் குரூசஸிலிருந்து சுமார் 50 மைல் தள்ளி இருக்கும் வைட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போய்வாருங்கள்.

டூசானில் நகராட்சி நடத்தும் ராண்டால்ஃப் பார்க். ஃபீனிக்ஸில், சிவந்த பாறைகளுக்கு அடியில் பாபகோ, வில்லியம் எஃப். பெல் 1963ல் அமைத்தது. சான் டியேகோவின் டோரி பைன்ஸை 1957ல் உருவாக்கியவரும் அவர்தான். ஸ்காட்ஸ்டேலின் டிபிசி மைதானத்தில் புகழ்பெற்ற 16ஆம் குழியை ஆட விரும்பினால் ஆடுங்கள். எனக்கு அதே பணத்தில் பாபகோவில் ஒரு ஆட்டமும், மிச்சத்தில் இன்னொரு நாள் தங்குவதும் மேலாகப் படுகிறது.

5. முன்பதிவு

மைதானத்தின் சொந்த இணையதளத்தில் முதலில் பாருங்கள். கோல்ஃப்நவ் போன்ற செயலிகளை அதற்குப் பிறகு. நகராட்சி மைதானங்களில் ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு முன்புதான் நேரம் திறக்கும். எனவே எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே முடிக்க முடியாது. ஹியூஸ்டன், டோரி பைன்ஸ் இரண்டை மட்டும் இறுக்கிப் பிடித்துவிட்டு, மற்றவற்றை மூன்று நாள் முன்னால் வானிலை பார்த்து எடுங்கள். ரத்து செய்யக் கடைசி நேரம் எது, உறைபனியால் தாமதமானால் பணம் என்னாகும், கார்ட் கட்டணம் சேர்ந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தனியாகப் போகிறவருக்கு இந்த நாட்டில் ஒரு வசதி: மூன்று பேர் உள்ள குழுவோடு சேர்த்துவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களோடு நாலு மணி நேரம் நடப்பதால் அந்த ஊரில் எங்கே சாப்பிடலாம், எந்தச் சாலையைத் தவிர்க்கலாம் என்று எல்லாம் தெரிந்துவிடும். கூச்சப்பட வேண்டாம். காலர் வைத்த சட்டை போதும். ஜீன்ஸ் மட்டும் தவிருங்கள்.

6. காரும் சாமானும்

இரண்டு பேர், இரண்டு கோல்ஃப் பை, இரண்டு பெட்டி என்றால் நடுத்தர எஸ்யூவி வேண்டும். பை வெளியே தெரியாமல் மூட முடிகிற வண்டியாகப் பாருங்கள். வாடகைக் கார் என்றால் ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் ரொம்பவே மாறும். மைல் வரம்பு இல்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

மட்டைகளை இரவில் காரில் விடாதீர்கள். திருட்டு ஒரு காரணம். குளிரில் கிடந்த பந்தும் பிடியும் காலையில் கல்லாக இருப்பது மற்றொன்று. அறைக்குள் வைத்தாலே போதும். ஆட்டத்தின்போது பந்தை வேண்டுமென்றே சூடாக்கி அடிப்பது விதிப்படி தவறு. உடைக்கு ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. காற்றைத் தடுக்கும் கையில்லாத மேலங்கி ஒன்று கட்டாயம்.

குளிரில் டயர் காற்றழுத்தம் குறையும், 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ. எல் பாசோவில் ஒருமுறை பாருங்கள். போர்வை, தண்ணீர், டார்ச், பேட்டரிக்கான ஜம்பர் கேபிள் வண்டியில் இருக்கட்டும்.

ஆவணங்களை மறக்காதீர்கள். இந்தப் பாதை மெக்சிகோ எல்லையை ஒட்டிப் போகிறது. மேற்கு நோக்கிப் போகும்போது லாஸ் குரூசஸுக்கு அப்பாலும், ஐ-8ல் சான் டியேகோவுக்கு முன்பும் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பியவர்கள் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டோ, விசா உள்ள பாஸ்போர்ட்டோடு ஐ-94 என்ற நுழைவுப் பதிவோ, பெட்டிக்குள் இல்லாமல் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கலிபோர்னியாவுக்குள் நுழையும்போது வேளாண் சோதனைச் சாவடியில் பழங்கள் இருக்கிறதா என்று கேட்பார்கள். அரிசோனாவில் வாங்கிய ஆரஞ்சை அதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

7. வானிலை கெட்டால்

தெற்கில் பனியே பெய்யாது என்று நம்பிவிடக் கூடாது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க உறைந்தது. 2025 ஜனவரி 21 அன்று நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம் பனி கொட்டி, லூசியானாவில் ஐ-10ஐயே மூடினார்கள். அங்கே சாலையில் நீளமான பாலங்கள் அதிகம். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் தரைச் சாலையைவிட முன்னதாகவே உறையும். பனியில் ஓட்டிப் பழகிய ஆளுக்கும் அந்தப் பனிக்கட்டியில் ஒன்றும் செய்ய முடியாது.

ஒவ்வொரு இரவும் தேசிய வானிலைச் சேவையின் முன்னறிவிப்பை அடுத்த இரண்டு நிறுத்தங்களுக்கும் பாருங்கள். பல மாநிலங்களில் 511க்கு அழைத்தால் சாலை நிலவரம் கிடைக்கும். டெக்சாஸுக்கு டிரைவ்டெக்சாஸ் இணையதளம். உறைமழை எச்சரிக்கை என்றால் இருக்கும் ஊரிலேயே இருங்கள், காலியாக விட்ட நாள் அதற்குத்தான். அறைகளை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் எடுப்பதும் இதற்காகவே.

நியூ மெக்சிகோவில் லார்ட்ஸ்பர்க் அருகே வேறு ஆபத்து: புழுதிப் புயல். கண் தெரியாமல் போனால் சாலையை விட்டு முழுவதும் ஒதுங்கி, விளக்கை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைப் பார்த்து சாலை என்று நினைத்து வந்து மோதுவார். ஐ-8ல் சான் டியேகோவுக்குக் கிழக்கே சாலை 4,000 அடிக்கு மேல் ஏறும். அங்கே காற்றும் சில நாள் பனியும் உண்டு, பகலில் கடந்துவிடுங்கள்.

8. டோரி பைன்ஸும் திரும்புவதும்

ஃபீனிக்ஸிலிருந்து சான் டியேகோ 355 மைல், அன்று ஆட்டம் கிடையாது. டோரி பைன்ஸ் நகராட்சி மைதானம்தான், ஆனால் 2008லும் 2021லும் அமெரிக்க ஓப்பன் இங்கே நடந்தது. வெளியூர்க்காரர்கள் கூடுதல் முன்பதிவுக் கட்டணம் கட்டி முன்கூட்டியே நேரம் எடுக்கலாம். கிடைக்கவில்லையென்றால், தனி ஆளாக விடியும் முன் போய் வரிசையில் நின்று பாருங்கள். பலருக்கு இடம் கிடைக்கிறது. தெற்கு மைதானம் புகழ்பெற்றது, கடினம், விலையும் அதிகம். வடக்கு மைதானத்திலும் அதே கடல், அதே செங்குத்துப் பாறை. ஒரு சுற்றை முடிக்க 90 அடிக்கு மேல் எடுப்பவர்களுக்கு வடக்கு மைதானம்தான் சந்தோஷம் தரும். இரண்டும் கிடைக்காவிட்டால் பல்போவா பார்க் இருக்கிறது.

விமானத்தில் திரும்புவதானால் கோல்ஃப் பையை ஒரு பெட்டியாகக் கணக்கிடும் நிறுவனங்களே அதிகம். எடை வரம்பை மட்டும் பாருங்கள். டிரைவர் மட்டையின் தலையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். பையில் உள்ள மிக நீளமான மட்டையைவிட உயரமான ஒரு கம்பை நடுவில் செருகிவிட்டால் மேலிருந்து விழும் அடியை அது தாங்கிக்கொள்ளும். கடினமான உறை இல்லாதவர்கள், கூரியரில் முன்கூட்டியே அனுப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு விமானம் ஏறலாம்.